ஒளிருது சார், ஆனா தமிழ் தெரியல

டிஸ்கி: விசைப்பலகை விமர்சனம்னு நம்பி உள்ள வந்தவங்களுக்கு நாலஞ்சு பத்தி விமர்சனம் இருக்கு. மிச்சம் எல்லாம் சண்டை. அந்தச் சண்டையில உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு மக்களே, அதனால பாதியில எஸ்கேப் ஆகிடாதீங்க.

போன மாசம் ஒரு ஒளிரும் விசைப்பலகை வாங்கினேன். எனக்கு இல்லை, அப்பாவுக்கு.

அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல 34 வருசம் வேலை பார்த்தவர். கண்புரை ஆபரேஷனுக்காக அம்மாவோட சென்னைக்கு வந்தார், அப்படியே எங்க வீட்டுலயே தங்கிட்டார். எங்க ஊர்க் குளத்தைப் பத்தி எழுதணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. எந்த மடைத் தண்ணி எந்த வயலுக்குப் போச்சு, மறுகால் எந்தெந்த வருசம் பாஞ்சுது, நீர்பாய்ச்சிக்குக் கூலியா எத்தனை மரக்கா நெல்லு அளந்தாங்க, இதெல்லாம் இப்ப அவர் தலையில மட்டும்தான் இருக்கு. ஆனா கை நடுங்குது. பேனா பிடிச்சா ரெண்டு வரிக்கு மேல அவர் எழுத்தை அவராலேயே படிக்க முடியல. சரி, கம்ப்யூட்டர்ல தட்டட்டும்னு முடிவாச்சு.

இன்னொரு சிக்கல், மனுசன் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து உக்கார்ற ஆள். அந்நேரம் ஹால்ல ட்யூப்லைட் போட்டா அங்கயே படுத்திருக்கிற அம்மாவும் என் பையனும் எழுந்துப்பாங்க. அதனால விளக்கு உள்ள கீபோர்டு வாங்கலாம்னு ஐடியா கொடுத்தது தங்கமணி. (இந்தப் பதிவுல யார் மேல பழி போட்டாலும் தங்கமணி மேல போடப்போறதில்லை. ராத்திரி சோறு திங்கணும்.)

ரிச்சி ஸ்ட்ரீட்ல 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். 104 விசை, மெக்கானிக்கல். ஒவ்வொரு விசைக்கும் அடியில குட்டி எல்.ஈ.டி. 'ஒரு கோடியே 67 லட்சம் வண்ணங்கள்'னு கடைக்காரர் பெருமையாச் சொன்னார். கணக்கு சரிதான். சிவப்பு, பச்சை, நீலம் மூணுக்கும் தலா 256 படி, மூணையும் பெருக்கினா 1,67,77,216. வீட்டுக்கு வந்து சொருகினதும் இடமிருந்து வலமா வானவில் ஓட ஆரம்பிச்சுது. எங்க ஊர்க் கோயில் கொடைக்கு சீரியல் செட் போட்ட மாதிரியே இருந்துச்சு. அப்பா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "வில்லுப்பாட்டு எப்பய்யா ஆரம்பிக்கும்?"னார்.

ஆட்டத்தை நிறுத்தி ஒரே நிறத்துல வைக்கலாம். நீலத்துல வைக்காதீங்க. இருட்டுல நீல எழுத்தை நம்ம கண்ணு கூர்மையாப் பிடிக்காது, ஓரம் எல்லாம் மங்கலாத் தெரியும். இந்த இடத்துல ஒரு சின்ன கிளைக்கதை. சிவப்பு எல்.ஈ.டி 1962-லேயே வந்துடுச்சு. பிரகாசமான நீலத்துக்குத்தான் 1990-கள் வரைக்கும் தவம் கிடந்தாங்க. அதைச் சாதிச்ச அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014-ல இயற்பியல் நோபல் கிடைச்சுது. நீலம் வந்த பிறகுதான் மூணு நிறத்தையும் கலந்து இந்தச் சீரியல் செட்டெல்லாம் சாத்தியமாச்சு. அவ்வளவு பேர் உழைப்பு எங்க வீட்டு மேசையில வந்து வானவில் ஓட்டிக்கிட்டு இருக்கு.

எழுத்து எப்படி ஒளிருதுன்னா, ஒளி புகுற பிளாஸ்டிக் மேல கறுப்பு பெயின்ட் அடிச்சு, எழுத்து வடிவத்துல லேசரால சுரண்டி எடுத்துடுறாங்க. கொஞ்சம் உசத்தியான சரக்குன்னா ரெண்டு நிற பிளாஸ்டிக்கை ஒண்ணுக்குள்ள ஒண்ணு வார்ப்பாங்க, அது தேயாது. என்னோடது பெயின்ட் வகை. விசையோட நடுவுல சுவிட்ச் இருக்கிறதால விளக்கு ஒதுங்கி மேல்பக்கமா உக்காந்திருக்கு. அதனால விசையில மேல் பாதி பளிச்சுன்னு இருக்கும், கீழ் பாதியில எழுதினது பாதி இருட்டுல கிடக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

தட்ட சுகமாத்தான் இருக்கு, குறை சொல்லக் கூடாது. ஆனா சத்தம்! மறுநாள் நாலு மணிக்கு அப்பா நாலு விசை தட்டினார். ட்யூப்லைட்டுக்கு எழுந்திருச்சிருக்க வேண்டிய பையன் கடகட சத்தத்துக்கு எழுந்து உக்காந்துட்டான். விமர்சனம் இத்தோட முடிஞ்சுது. இனி சண்டை.

கணினியில நான் அஞ்சல் முறையை வச்சிருந்தேன். அதாவது நம்மில் முக்கால்வாசிப் பேர் தட்டுற மாதிரி, ஆங்கில எழுத்தைத் தட்டினா தமிழ் வருமே, அது. அப்பாவுக்கு ஆங்கில எழுத்து தெரியும், படிச்சவர்தானே, ஒரு மணி நேரத்துல பிடிச்சுக்குவார்னு நினைச்சேன். பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சேன்.

"நீர்னு அடிங்கப்பா."

"ந எங்க இருக்கு?"

"டபிள்யூ அடிங்க."

அப்பா என்னைப் பார்த்தார். கீழே குனிஞ்சு ஒளிர்ற டபிள்யூவைப் பார்த்தார். "இதுல நகரம் எங்கல இருக்கு?"

அடுத்தது 'குளம்'. ளகரத்துக்கு ஷிப்ட்டை அமுக்கிக்கிட்டு எல் தட்டணும். கை நடுங்குற மனுசனுக்கு ரெண்டு விசையைச் சேர்த்து அமுக்கறது எவ்வளவு பெரிய பாடுன்னு அன்னிக்குத்தான் பார்த்தேன். மூணு தடவை 'குலம்' வந்துச்சு. அப்புறம் 'வாழை'. ழகரத்துக்கு இசட்டுன்னு சொன்னதும் கையை எடுத்துட்டார். "எய்யா, ழகரம் வராத பிள்ளைகளுக்கு நாக்கை மடிக்கச் சொல்லிக் கொடுத்தே முப்பத்தஞ்சு வருசம் ஓடிச்சு. இந்தப் பொட்டி அதை இசட்டுங்கு. வெளிச்சம் போட்டுல்லா பொய் சொல்லுது!"

மக்களே, இதுதான் விசயம். வெளிச்சம் போட்டுப் பொய் சொல்லுது. அப்பா கோபத்துல சொன்னாலும் யோசிச்சுப் பார்த்தா கணக்கு மாதிரி சரியா இருக்கு.

விசைக்கு எதுக்கு விளக்கு? எழுத்து எங்க இருக்குன்னு தெரியாதவன் பார்த்துத் தட்டறதுக்கு. தெரிஞ்சவனுக்கு அது தேவையே இல்லை. நான் பன்னண்டாவது முடிச்ச லீவுல டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனேன். விசைகளைப் பார்க்கவே கூடாதுன்னு மாஸ்டர் மேல ஒரு அட்டையை வச்சு மூடிடுவார். அதுக்கடியில கையை விட்டுத்தான் ஏ எஸ் டி எஃப் அடிக்கணும், குனிஞ்சா ஸ்கேல் அடி. இப்ப உங்க கீபோர்டுல எஃப்-பையும் ஜே-வையும் தடவிப் பாருங்க, சின்னதா ஒரு மேடு இருக்கும். சுட்டுவிரல் ரெண்டும் அங்க வந்து உக்காந்துட்டா மிச்ச எட்டு விரலும் தானே இடம் தேடிக்கும். பழகினவனுக்கு அந்த ரெண்டு மேடு போதும், 104 விளக்கு வேண்டாம். அதனால பழகாதவனுக்குத்தான் விளக்கு. ஆனா தமிழ் எழுத உக்கார்ற பழகாதவனுக்கு அது காட்டுறது என்ன? டபிள்யூ. இசட். தமிழ்ல எழுதறவங்களைப் பொறுத்தவரை, தெரிஞ்சவனுக்கும் பிரயோசனமில்லை, தெரியாதவனுக்கும் பிரயோசனமில்லை. ஒரு கோடியே 67 லட்சம் நிறத்துல காட்டுது, அத்தனையிலயும் ஒரு 'அ' கிடையாது.

தொழில்நுட்பம் இல்லையா? எல்லாம் இருக்கு. லேசருக்கு மொழி தெரியாது. எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் சுரண்டும். ஹீப்ரு எழுத்தோட, அரபி எழுத்தோட, ரஷ்ய எழுத்தோட, தாய்லாந்து எழுத்தோட ஒளிர்ற விசைப்பலகைகள் விக்குது. மடிக்கணினியிலேயே வருது. ஹீப்ரு பேசுறவங்க உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சுமார் ஒரு கோடிப் பேர். 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவுல மட்டும் தமிழைத் தாய்மொழியாச் சொன்னவங்க 6 கோடியே 90 லட்சம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தனி.

சரி, எந்த விசையில எந்த எழுத்துன்னு தமிழுக்கு ஒரு ஒழுங்கு இல்லையேன்னு யாராவது ஆரம்பிச்சா, அதுவும் கிடையாது. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்துச்சு. அதை ஒட்டி வந்த தமிழ் 99 அமைப்பைத் தமிழக அரசு அந்த வருசமே தரமா அறிவிச்சுது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 விசை. அதுலயே 247 எழுத்தும் வந்துடும். உயிர் எல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை. ஷிப்ட் தேவையில்லை. 'குளம்'னா க, உ, ள, ம, புள்ளி. அவ்வளவுதான். 'தண்ணி'னா த, ண, ண, இ. ரெண்டு ண அடுத்தடுத்து வந்தா முதல் ண-வுக்கு அதுவே புள்ளி வச்சுக்கும். எப்பவும் தேவைப்படுற புள்ளி எஃப் விசையில, அதாவது அந்த மேட்டு மேலயே உக்காந்திருக்கு. யோசிச்சுத்தான் செஞ்சிருக்காங்க. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் தனியா எதையும் இறக்காமலே இது கிடைக்குது. கணினிக்குள்ள இருக்கு, அரசாணையில இருக்கு, விசை மேல மட்டும் இல்லை.

ஏன் இல்லை? ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு மறுபடி போனேன். ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினேன். தமிழ் எழுத்து போட்ட ஒளிரும் விசைப்பலகை ஒரு இடத்துலயும் இல்லை. ஒரு கடைக்காரர் மட்டும் நின்னு பதில் சொன்னார். "சார், பதினஞ்சு வருசமா கடை வச்சிருக்கேன். கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்."

எனக்கு நல்லா உறைச்சுது. ஏன்னா நானே என்னிக்கும் கேட்டதில்லை. இத்தனை வருசமாப் பதிவு எழுதறேன், தமிழுக்கு அது செய்யணும் இது செய்யணும்னு எத்தனை இடத்துல போய்க் கும்மி அடிச்சிருக்கேன், என் விரல் தட்டினது எல்லாம் 'ஏ எம் எம் ஏ ஏ'. அம்மாவை ஆங்கிலத்துல எழுத்துக்கூட்டித்தான் தமிழ்ல கூப்பிட்டிருக்கேன்.

இங்கதான் நீங்க பாய்வீங்கன்னு தெரியும். "வந்து விழற எழுத்து யூனிகோட் தமிழ்தானே, எப்படித் தட்டினா என்ன?" நியாயமான கேள்வி. எழுதி முடிச்ச பதிவுல ஒரு வித்தியாசமும் இருக்காது, ஒத்துக்கறேன். முத்து நெடுமாறனோட முரசு அஞ்சலும் முகுந்தோட இ-கலப்பையும் இல்லைன்னா நம்மில் பாதிப் பேர் பதிவரே ஆகியிருக்க மாட்டோம். ஆங்கில விசைப்பலகைதான் கையில இருக்குங்கிற நிலைமைக்கு அவங்க ஒரு பாலம் போட்டுக் கொடுத்தாங்க. அதுக்கு என்னிக்கும் கும்பிடு. ஆனா அந்தப் பாலத்து மேல ஏற ஒரு சுங்கச்சாவடி இருக்கு. முதல்ல ஆங்கில எழுத்து தெரியணும், அதுவும் எந்த ஒலிக்கு எந்த எழுத்துன்னு வழக்கம் தெரியணும். நாம எல்லாரும் அந்தச் சுங்கத்தைச் சின்ன வயசுலயே கட்டிட்டோம். அதனாலயே சாவடி இருக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியல. அப்பா மாதிரி ஆளு அங்க போய் நிக்கும்போதுதான் தெரியுது. அவருக்காவது ஆங்கில எழுத்து தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது.

அம்மாவைப் பத்திச் சொல்லணும். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவங்க. தமிழ் பத்திரிகை ஒண்ணு விடாம வாசிப்பாங்க. கம்ப்யூட்டர் பக்கமே வர மாட்டாங்க, "அதெல்லாம் எனக்கு வராது"ன்னுடுவாங்க. ஆனா போன்ல? ஊர்ல இருக்கிற சித்திக்கு வாட்ஸப்புல தினமும் நீள நீளமாத் தமிழ்ல தட்டுறாங்க. மருமக மேல புகார், ரசப்பொடி அளவு, யார் வீட்டுல என்ன விசேசம், எல்லாம் அட்சர சுத்தமா. யாரும் சொல்லிக் கொடுக்கல. காரணம் ரொம்பச் சின்னது. போன்ல கண்ணாடிக்கு அடியில அ, ஆ, இ, ஈன்னு எழுத்து தெரியுது. விரலை வச்சா வருது. யோசிச்சா எங்க வீட்டுல உருப்படியா இருக்கிற ஒரே ஒளிரும் தமிழ் விசைப்பலகை அதுதான். எழுத்து கண்ணுக்குத் தெரிஞ்சா எழுதறாங்க. 'தமிழ் எழுத்து போட்ட விசைப்பலகைக்கு ஆள் இல்லை'ன்னு சொல்றவங்க எங்க அம்மாவோட வாட்ஸப்பைப் பார்க்கணும். (பார்க்க வேண்டாம். மருமக புகார் நிறைய இருக்கு.)

"வாயால சொன்னாலே எழுதிடுதே, இன்னும் எதுக்கு விசை?"ன்னு அலுவலகத்துல கூட ஆணி பிடுங்குற நண்பர் கேட்டார். அதையும் பார்த்தாச்சு. 'மடைத் தண்ணி'னு அப்பா சொன்னா அது 'மட தண்ணி'ங்குது. 'மறுகால்' 'மறு கால்' ஆகி வேற அர்த்தம் கொடுக்குது. அதுவும் போக, விடிகாலை நாலு மணிக்குப் பையன் தூங்கற ஹால்ல உரக்கப் பேசவா முடியும்?

சரி, நாமளே தமிழாக்குவோம்னு இறங்கினேன். தமிழ் 99 எழுத்துகளை ஸ்டிக்கர் தாளில் அச்சடிச்சு, 31 துண்டா வெட்டி, பையனும் நானும் ஒட்டினோம். விசை முழுக்க மறைச்சு ஒட்டினா விளக்கு அடைஞ்சு போச்சு. ஓரத்துல மட்டும் ஒளி கசியுது, நடுவுல எழுத்து இருட்டு, கிரகணம் மாதிரி. ஒளி புகுற தாளில் அச்சடிச்சுக் கீழ் பாதியில ஒட்டினேன். முன்னாடி சொன்னேன்ல, விளக்கு மேல்பக்கம்னு? தமிழ் எழுத்து விழுந்தது அந்தப் பாதி இருட்டுல. மேலே டபிள்யூ ஜெகஜோதியா மின்னுது, கீழே 'ஈ' இருக்கா இல்லையான்னே தெரியல. நுண்ணரசியல் தேடுற பதிவர்கள் இந்த இடத்துல தேடிக்கலாம் :-)

கடைசியில என்ன செஞ்சேன்? பரண் மேல கிடந்த பழைய கறுப்பு கீபோர்டை எடுத்துத் துடைச்சேன். 350 ரூபாய் சரக்கு, சத்தமும் குறைவு. அந்த 31 ஸ்டிக்கரையும் அதுல ஒட்டினேன், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, நல்லாப் பெருசா. 300 ரூபாய்க்கு ஒரு மேசை விளக்கு வாங்கி, அதோட தலையைக் கீபோர்டு பக்கமா வளைச்சு வச்சேன். ஹால்ல யாரும் எழுந்துக்கல. 2,400 ரூபாய் செய்யாததை மொத்தம் 650 ரூபாய் செஞ்சுது.

அப்பா ரெண்டு வாரம் தடுமாறினார். புள்ளியைத் தேடி எடுக்கவே முதல் மூணு நாள் போச்சு. ஆனா தேடும்போது கண்ணுக்குக் கிடைச்சது அவருக்குத் தெரிஞ்ச எழுத்து. அந்த வித்தியாசம் முகத்துலயே தெரிஞ்சுது. ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் ஷிப்ட் போட்டுத்தான் வரும்னதும் அவருக்கு ஒரே சந்தோசம். "அதுக இருக்க வேண்டிய இடம் அதுதான்." ஒரு விசையைக் காலி பண்ணிக்கிட்டு 'ஔ' சும்மா உக்காந்திருக்குன்னு இப்ப ஒரு புகார் வச்சிருக்கார். ஔவையாரைப் பத்தி எழுதும்போது வேணுமேன்னேன். எங்க குளத்துக்கு ஔவையார் வந்ததா ஆதாரம் இல்லைன்னுட்டார்.

உங்ககிட்ட ஒரே ஒரு வேலைதான் கேக்கறேன். தமிழ் 99-க்கு மாறினாத்தான் ஆச்சுன்னு சொல்ல வரல, அது உங்க விரல், உங்க பாடு. அடுத்த தடவை கீபோர்டு வாங்கப் போகும்போது, வாங்காட்டியும் பரவாயில்லை, "தமிழ் எழுத்து போட்டது இருக்கா?"ன்னு கேட்டுட்டு வாங்க. இல்லைம்பாங்க. சிரிப்பாங்க. கேளுங்க. பதினஞ்சு வருசத்துல முதல் ஆளா நின்னது எனக்கு ரொம்பக் கூச்சமா இருந்துச்சு, ரெண்டாவது ஆளா வேற யாராவது இருக்கட்டும். விளக்கை மறைக்காத, மேல் பாதியில தமிழ் வர்ற ஸ்டிக்கரோ விசை மூடியோ யாருக்காவது கிடைச்சா எங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

ஒளிர்ற விசைப்பலகை இப்ப பையன்கிட்ட. வானவில் ஓட விட்டுக் கார் பந்தயம் விளையாடறான். அப்பா மூணாவது மடைக்கு வந்திருக்கார்.